அமைக்கலாம், அமைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகளாக ஜூனியர் வக்கீலாக இருக்கிறான். தேர்தலில் நிற்க விரும்புகிறான். எம்.எல்.ஏ. ஆனால் தொழிலை விட்டுவிட வேண்டுமா? வக்கீல் சட்டமன்றம் போவதால் மக்களுக்குத் தனியாக என்ன பயன்?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

தொழிலை விட வேண்டியதில்லை. முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்காடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சட்டமன்ற உறுப்பினர் அந்த வகையில் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கிவிட்டது. சட்டம் படித்த துரைமுருகன் 1971இல் காட்பாடியிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றம் சென்றதும், 2021இல் நீர்வளத்துறை அமைச்சரானதும் உங்கள் மகன் அறிந்ததே.

இரண்டாம் கேள்விதான் என்னை நிறுத்தியது. 1990களின் தொடக்கத்தில் வேலூரில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, பாலாற்றங்கரை விவசாயி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீர்; டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது, குலுக்கினால் நுரைத்தது. “மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுதுங்க” என்றார். தோல் ஆலைக் கழிவைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1974இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் இருந்தன. ஆனால், தேவை எனக் கருதினால் மத்திய அரசு ஓர் அதிகார அமைப்பை ‘அமைக்கலாம்’ என்றுதான் பின்னதன் 3ஆம் பிரிவு சொன்னது. நம் மக்களின் இழப்பைக் கணக்கிட அப்படியோர் அமைப்பு வரவேயில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, அந்த அமைப்பை உருவாக்கியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1996 ஆகஸ்டில். சட்டம் வந்து பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

அது நாடாளுமன்றச் சட்டம் என்றாலும், சட்டமன்றத்துக்கு வரும் முன்வடிவுகளிலும் இந்த ‘லாம்’ நிறைய உண்டு. அந்த இடத்தில் விரலை வைத்து, ‘வேண்டும்’ என்று திருத்தம் கொடுக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் அவையில் இருப்பது, என்னைக் கேட்டால், நூறு மேடைப் பேச்சைவிடப் பெரிது. வக்கீல் படிப்பு அங்கேதான் மக்களுக்கு உதவும்.

ஒன்றை மட்டும் மகனிடம் சொல்லுங்கள். வழக்குத் தொடுத்தவரும் நமக்குக் கட்சிக்காரர்தான், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர்தான். கூட்டத்தொடர் நாள்களில் வாய்தா வாங்கி முன்னவரை அலையவிடாமல், வழக்குக் கட்டை நம்பகமான இன்னொரு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும்.