அமெரிக்கப் படிப்புக்காக பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 78,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வேலைக்குப் போகவில்லை. பி.எஃப். கணக்கில் 22 லட்சம், சொந்த வீடு, ஊரில் 2 ஏக்கர் புஞ்சை, 30 பவுன் நகை இருக்கின்றன. கடன் கிடையாது. பிளஸ் 1 படிக்கும் மகள் எம்.ஐ.டி., ஹார்வர்ட் போன்ற இடங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். ஓர் ஆலோசனை மையத்தில் 12 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துத் தர 5.5 லட்சம் கேட்கிறார்கள். 'நிதியுதவி வேண்டாம் என்று குறித்தால்தான் இடம் கிடைக்கும், சேர்ந்த பிறகு உதவித்தொகை வாங்கிக்கொள்ளலாம்; இப்போது பி.எஃப். பணத்தை எடுத்து வங்கிக் கணக்கில் காட்டுங்கள், போதாவிட்டால் புஞ்சையை விற்றுவிடுங்கள்' என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். புஞ்சையை விற்காதீர்கள். அந்த 5.5 லட்சத்தையும் கட்ட வேண்டாம். மகள் மட்டும் தாராளமாக விண்ணப்பிக்கட்டும், நிதியுதவி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு.

முதலில் அந்த மையம் சொன்ன யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது 70 லட்சம். நான்கு ஆண்டுக்கு 2.8 கோடி, கட்டணம் ஏறாமல் இருந்தால். உங்கள் 22 லட்சம் முதல் ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட எட்டாது. அதே 22 லட்சம் இப்போதைய 8.25 சதவீத வட்டியில் கிடந்தால், இனிச் சேரும் சந்தாவை விட்டுவிட்டாலும், உங்கள் 58ஆவது வயதில் 52 லட்சத்தைத் தாண்டியிருக்கும். உங்களுக்கும் மனைவிக்கும் முதுமைக்கு இருப்பதே அதுதான்.

அடுத்து, 'சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்ற வாக்கு. இதை நம்பிச் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பணம் கட்ட வழியில்லாமல் தவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஸ்டான்போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது நிதியுதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நான்கு ஆண்டுகளிலும் உதவி கிடையாது என்பது அங்கே எழுதப்பட்ட விதி. வேறு பல கல்லூரிகளிலும் இதே நிலைதான். விண்ணப்பத்தில் 'நிதியுதவி கோருகிறீர்களா?' என்று ஒரு கேள்வி வரும். மகள் அதில் 'இல்லை' என்று குறித்தால், 2.8 கோடியை நீங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள்.

மையம் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டான்போர்ட், கொலம்பியா, கார்னெல் போன்ற இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அது தேர்வின்போது கணக்கில் வரும், வாய்ப்பு குறையலாம். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், போடின் ஆகியவை வெளிநாட்டு மாணவருக்கும் பணத்தைப் பார்க்காமல் இடம் தருகின்றன. இடம் தந்தபின் குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் அவையே ஏற்கின்றன. உங்கள் மகளின் பட்டியல் இந்த எட்டுக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் பெற்றோர் எதுவும் கட்ட வேண்டாம் என்று எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2025ஆம் கல்வியாண்டிலிருந்து நடைமுறைப்படுத்தியுள்ளன. கைக்கு வரும் தொகையை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆண்டு வருமானம் டாலரில் 10,600 சொச்சம்.

இனி நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். இவற்றில் பெரும்பாலானவை குடும்பத்தின் நிதி நிலையை சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இணையப் படிவத்தில் கேட்கும். சம்பளம், சேமிப்பு, வீடு, நிலம், ஓய்வூதிய நிதி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும், ரூபாயிலேயே நிரப்பலாம். ஹார்வர்ட் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் ஓய்வூதிய நிதியையும் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது உங்கள் 22 லட்சம் பி.எஃப்.பில் இருக்கும்வரை அங்கே அது கணக்கில் வராது. எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்ட மறுநாளே அது ரொக்கச் சொத்து. உதவி குறைவதற்கு நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகிவிடும். புஞ்சையை விற்று வங்கியில் போட்டாலும் கையில் ரொக்கம் இருப்பதாகத்தான் படிவம் காட்டும். நிலமாகவே இருக்கட்டும், இன்று விற்றால் என்ன வருமோ அந்த விலையை நேர்மையாக எழுதுங்கள். எதையும் மறைக்காதீர்கள். படிவம் 16, வருமான வரிக் கணக்கு நகல் எல்லாம் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

'வங்கியில் காட்டுவது' எப்போது வரும் தெரியுமா? இடம் கிடைத்து, விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கும்போது. அப்போதும் முதல் ஆண்டுச் செலவில் கல்லூரி தரும் உதவி போக மீதிக்குத்தான் சான்று காட்ட வேண்டும்.

விண்ணப்பச் செலவுக்கு ஒரு லட்சம் ஒதுக்கினால் போதும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் சுமார் 110 டாலர், எம்.ஐ.டி., ஹார்வர்ட், பிரவுன் ஆகியவற்றுக்கு அதுவோ ஏ.சி.டி. தேர்வோ கட்டாயம். ஒரு கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் ஏறக்குறைய 80 டாலர். சி.எஸ்.எஸ். படிவம் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 16. கட்டணம் பாரமாக இருந்தால் தள்ளுபடி கேட்கலாம். தலைமையாசிரியரிடமிருந்து ஒரு கடிதம் பல இடங்களில் உதவும். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களுக்கும் 9ஆம் வகுப்பிலிருந்து உள்ள மதிப்பெண் பட்டியலுக்கும் பள்ளியை இப்போதே அணுகுங்கள். விண்ணப்பத்தோடு தர வேண்டிய கட்டுரையை மகள்தான் எழுத வேண்டும், 5.5 லட்சம் கொடுத்தாலும் அவளுடைய வாழ்க்கை அவர்களுக்குத் தெரியாது.

வாய்ப்பைப் பற்றியும் நேராகப் பேசிவிடுங்கள். ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு இன்னும் இறுக்கம். அதனால் ஜே.இ.இ. தயாரிப்பைக் கைவிடக் கூடாது. அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம், ஜே.இ.இ. மெயின் முதல் கட்டமும் ஜனவரியில்தான். கட்டுரைகளை அக்டோபருக்குள் முடித்துவிட்டால் டிசம்பரில் அவள் திணற மாட்டாள். ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். விடுதி, சாப்பாடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 12 லட்சம் அளவில் முடியும். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு மேல் என்பதால் வட்டிச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. கடனுக்கு அது தடையில்லை. அந்தக் கடனை அவள் வேலைக்குப் போய் அடைத்துவிடலாம்.

அமெரிக்காவுக்காக 40 லட்சம் கடன் வாங்கலாமா என்று ஒருவேளை தோன்றும். 11 சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு மாதத் தவணை 55,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் மிச்சம் 23,000. வேண்டாம்.

நீங்களும் மனைவியும் மகளும் உட்கார்ந்து, வீட்டிலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் 3 லட்சம் என்பேன். பெரும்பாலான முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வரும். உதவிக் கடிதத்தில் பெற்றோர் பங்கு, மாணவர் வேலை செய்து ஈட்ட வேண்டிய தொகை, மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு ஆகிய நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். கூட்டினால் 3 லட்சத்தைத் தாண்டுகிறதா? பி.எஃப். பக்கம் போகாமல், வருமானச் சான்றுகளை இணைத்து, மறுபரிசீலனை கேட்டு நிதியுதவி அலுவலகத்துக்கு மகள் எழுதட்டும். இடத்தை ஏற்கிறீர்களா என்று கல்லூரிக்கு மே 1க்குள் பதில் சொன்னால் போதும். எழுதிக் கேட்க அவகாசம் இருக்கிறது.