ஆங்கில வகுப்பில் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு நிமிடம் எப்படிப் பேசுவது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஆங்கில வகுப்புக்குப் போகும் நீங்கள், வீட்டில் அன்றாடம் உண்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்கிறீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் அடுக்கினால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரே ஒரு கறியை, இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறை தானாகவே வாக்கியங்களைக் கொண்டுவரும்.

வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் முறை பிழிந்த தண்ணிப்பாலில் அவியவிட்டு, வெங்காயம் வெந்த பிறகே தடித்த முதற்பாலைச் சேர்த்து, ஒரு கொதி வரும்வரை அகப்பையால் துழாவ வேண்டும். காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனெனில் பேச்சு நீள்வது அங்கேதான்: முதற்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால், அது நெடுநேரம் கொதித்தால் கொழுப்புத் துளிகளைப் பிரித்து வைத்திருக்கும் புரதம் குலைந்து, எண்ணெய் தனியே மிதந்து, சொதி திரைந்துவிடும். புளிப்பும் அதையே செய்யும். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் விடுவது அதனால்தான். மாசிக் கருவாட்டுத் தூள் போடலாமா என்ற குடும்பச் சண்டையை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

செய்முறைக்கு நிகழ்காலம் போதும். “நேற்று அம்மா வைத்த சொதி” என்று தொடங்கினால், வினைகள் அனைத்தையும் இறந்தகாலத்திலேயே சொல்ல வேண்டிவரும்.