பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மினிட்ஸ் புத்தகத்தைத் திறங்கள்

கேள்வி: கடலூர் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். ஐந்து அறங்காவலர்கள். 2024 ஃபெஞ்சல் புயலின்போது கையில் பணம் இருந்தும் தார்ப்பாய் கொடுக்க ஆறு நாள் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் நிர்வாக அறங்காவலர் ஐயாதான் சரி சொல்ல வேண்டும். அவர் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். இப்போது ஓர் ஆலோசகர் ஐயாவுக்கு ஹோட்டலில் மூன்று நாள் தலைமைப் பயிற்சி கொடுத்து, வெளிநாட்டு நிதிக்கும் வழி செய்வதாகச் சொல்லி 60,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். ஐயாவுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவரைத் தவிர வேறு யாரும் முடிவெடுக்க முடியாது என்றுதான் இருக்கிறது. அதற்கு ஹோட்டலில் மூன்று நாள் வகுப்பு எதற்கு?

அந்த டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்கு அன்று இரவே தலைக்கு மேல் ஏதாவது வேண்டும். உங்கள் களப்பணியாளர் எத்தனை வீடு என்று எண்ணி வைத்திருப்பார், கடைக்காரர் சரக்கு இருக்கிறது என்றிருப்பார், செக் புத்தகம் பீரோவில் இருந்திருக்கும். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆகவே செப்டம்பரிலேயே கூட்டம் போட்டு, கூட்ட முடிவுகளைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால், களப் பொறுப்பாளரும் உள்ளூர் அறங்காவலர் ஒருவரும் சேர்ந்து 50,000 ரூபாய் வரை செலவிடலாம். ஐயாவுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் போதும். அதற்கு மேல் என்றால் இன்னோர் அறங்காவலர் வாட்ஸ்அப்பில் சரி சொல்ல வேண்டும். தொகை உங்கள் சக்திக்கேற்ப. அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்க டிரஸ்ட் டீடில் (அறக்கட்டளைப் பத்திரத்தில்) இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் போங்கள். வங்கியிலும் 'ஐவரில் எவரேனும் இருவர்' கையெழுத்து என்று மாற்றுங்கள். அதை இன்றே தொடங்குங்கள். என்னிடம் வரும் ஓர் அறக்கட்டளையின் தீர்மான நகலை, முத்திரை சாய்ந்திருக்கிறது என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். சாய்ந்திருக்கிறதாம்! அவர்கள் திருப்தி அடைவதற்குள் பருவமழை முடிந்துவிட்டது.

இந்த அவசர அதிகாரத்தில் ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள்: அறங்காவலர் கடையிலோ அவர் உறவினர் கடையிலோ வாங்குவது. 'நம்ம கடைதானே, ராத்திரி பதினொன்றுக்கும் திறப்பார்' என்பீர்கள். வாங்கவே கூடாது என்றில்லை. சந்தை விலைக்கு மேல் கொடுத்தால் அது அவருக்குக் கொடுத்த ஆதாயம் என்று வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும், அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. மச்சான் கடையும் இதில் சேரும். ஊரில் அந்த ஒரு கடைதான் திறந்திருக்கிறதா? வாங்குங்கள், ஆனால் அந்த அறங்காவலர் ஒப்புதல் தரக்கூடாது. பக்கத்து ஊர்க் கடைகள் இரண்டில் போனில் விலை கேட்டு, கேட்ட நேரத்தோடு வவுச்சரின் பின்பக்கம் எழுதுங்கள். அடக்க விலைக்கே தருகிறாரா? அப்போதும் எழுதுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேள்வி வரும்போது வெள்ளம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, பில் மட்டும்தான் இருக்கும்.

இனி அந்த ஆலோசகர். புயல் ஓய்ந்த மறுவாரம் வந்துவிடும் இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே. கடலூரில் தார்ப்பாய் கொடுப்பவர் டெல்லியில் கணக்கு வைப்பது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், சட்டம் அப்படி. இதில் எவருடைய 'டெல்லித் தொடர்பும்' உதவாது. அடுத்து அவர் என்ன சொல்வார் தெரியுமா? 'பதிவே வேண்டாம் சார், பெரிய என்ஜிஓ ஒன்று வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரும், எனக்குப் பத்து சதவீதம்.' அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றவே கூடாது. பதிவு பெற்ற அமைப்புக்கும்கூடக் கூடாது. நோட்டீஸ் வரும் நாளில் உங்கள் பெயர் இருக்கும், அவர் போன் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும். 'லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், 80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) போட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்' என்று வருபவரும் இதே ரகம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு 80ஜி சலுகையே கிடையாது.

தீர்மானத்தில் எதை வாங்க மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரம் குவிந்து நனைந்து கிடந்தது. மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அல்லது தைரியம் இல்லை. லாரி வந்து நிற்கும்போது 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை குடோன் பொறுப்பாளருக்கு எழுத்தில் இருக்கட்டும்.

60,000 ரூபாய்க்குத் தார்ப்பாய் வாங்கி, எலி ஏறாத உயரத்தில் அடுக்கி வையுங்கள்.