மருத்துவரிடம் கேளுங்கள்: ஐந்தாம் நாளோடு நின்ற மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு வயது 46. விவசாயம்தான் தொழில். மூன்று வருடங்களாக வெறும் வயிற்றில் எரிச்சலும், நடு இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியும் இருந்தன. மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டினார். போன மாதம் தஞ்சாவூரில் எண்டோஸ்கோப்பி செய்தபோது, சிறுகுடலின் தொடக்கத்தில் புண்ணும் ‘ஹெச். பைலோரி’ என்ற கிருமியும் இருப்பதாகச் சொல்லி 14 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாயெல்லாம் கசக்கிறது என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். இப்போது வலி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடாமல் வந்த அல்சருக்குக் கிருமி மருந்து எதற்கு என்கிறார். பிள்ளைகளுக்கும் இது தொற்றுமா?
– வாசகி, மன்னார்குடி வட்டம்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவர் சொல்வதைத்தான் ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் சொல்லிக்கொண்டிருந்தது. காரமும் கவலையும் பட்டினியுமே புண்ணுக்குக் காரணம், அமிலம் சுரக்கும் இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்றே நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களான ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியை 1982-இல் வளர்த்துக் காட்டிய பிறகும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிலருக்குப் புண்ணும், இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகையும், மிகச் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இரைப்பைப் புற்றுநோயும் வரலாம். காலையில் குடிக்கும் நீராகாரம் எரிச்சலைச் சற்று ஆற்றலாமே தவிர, கிருமியைக் கொல்லாது.

இப்போது வலி நின்றிருப்பது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் இருக்கலாம். கிருமி ஒழிந்துவிட்டது என்பதற்கு அது சான்றல்ல. பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிவிடக்கூடும் என்பதால், மீதி மாத்திரையை அவராகவே மறுபடி தொடங்க வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், ஐந்து நாளில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மருந்துக் கூட்டு தேவைப்படலாம். வாய்க்கசப்பு அம்மருந்துகளில் சிலவற்றுக்கு இயல்பானது, மருந்து முடிந்ததும் போய்விடும். முழுக்க முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியபின், மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதை உறுதி செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் இடுப்பு வலிக்கென்று, பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரையை வாங்கிப் போடுகிறாரா? அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருந்தால், அதுவே புண்ணை உண்டாக்கும். கிருமியும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இத்தொற்று பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே பரவுகிறது. பாட்டி சோற்றை மென்று பேரக்குழந்தைக்கு ஊட்டும் பழக்கமும் ஒரு வழியாகக் கருதப்படுகிறது, அதைக் கைவிடுங்கள். குடிநீரைக் காய்ச்சுங்கள், சோப்பிட்டுக் கை கழுவுங்கள். தொந்தரவில்லாத குழந்தைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை.

தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாக மலம் போனாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே அவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.