தைப்பூசப் பாதயாத்திரைப் பந்தலுக்கு எத்தனை கேவிஏ ஜெனரேட்டர் எடுக்கலாம்?

நத்தம் - திண்டுக்கல் சாலையோரம், ஊரை விட்டுத் தள்ளி, நண்பர்கள் சேர்ந்து தைப்பூசத்துக்கு முன் மூன்று நாள் அன்னதானப் பந்தல் போடுகிறீர்கள், பக்கத்தில் கரண்ட் இல்லை, 25 கேவிஏ (ஜெனரேட்டர் தரும் சக்தியின் அளவு) போதுமா 40 எடுக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். கீழே எழுதுகிற லோடு அளவுள்ள பந்தலுக்கு 15 கேவிஏ தாராளம். 25-ஆ 40-ஆ என்று நம்மை யோசிக்க வைப்பதே வாடகைக்கு விடுகிறவரின் பேச்சுதான், அவரிடம் பெரிய செட் சும்மா நின்றால் அதைத்தான் நம் தலையில் கட்டப் பார்ப்பார், அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது, அவர் தொழில் அது. நான் இதே பாதையில் ஒரு குழுவோடு பந்தல் வேலை பார்க்கிறவன், லைட்டும் கரண்டும் என் பொறுப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் லோடு எழுதுங்கள். 50 வாட் எல்இடி ஃபோகஸ் லைட் 20 என்றால் 1,000 வாட். 20 வாட் எல்இடி டியூப் 30 என்றால் 600. செல்போன் சார்ஜ் போட 60 பாயின்ட் வைத்த பலகை, போனுக்கு 15 வாட் என்று வைத்தால் 900. மைக், ஆம்ப்ளிஃபயர் 500. ஆக ராத்திரி முழுக்க ஓடுவது 3 கிலோவாட்தான். இதோடு 1 எச்பி தண்ணி மோட்டார் ஒரு கிலோவாட், இட்லி மாவுக்கு 2 எச்பி கிரைண்டர் வைத்தால் கிட்டத்தட்ட 2 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 6 கிலோவாட். 15 கேவிஏ செட் என்றால் பவர் ஃபேக்டர் (கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற அளவு) 0.8 கணக்கில் 12 கிலோவாட் தரும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு ஒரு நொடி இழுக்கும், அதற்கும் இடம் இருக்கிறது. யாராவது டீ போட எலக்ட்ரிக் கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு என்று தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் கணக்கு கெட்டுவிடும். ஒன்று 2 கிலோவாட் தின்னும். கேஸ் அடுப்பு இருக்கும்போது அது எதற்கு?

கிரைண்டரையும் முடிந்தால் கழற்றி விடுங்கள். மாவை ஊரிலேயே ஆட்டி டிரம்மில் கொண்டு வந்துவிடலாம், தை மாதக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் புளிக்காது. அதோடு கிரைண்டர் சத்தமும், ஈரத் தரையில் கரண்ட் வயரும், சமையல் பெண்கள் வெறுங்காலோடு நிற்பதும் சேர்ந்து வருகிற பயமும் போய்விடும்.

பெரிய செட்டாக எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். டீசல் இஞ்சினுக்கு அது ஆகாது. 40 கேவிஏ என்றால் 32 கிலோவாட் தருகிற இஞ்சின், அதில் நீங்கள் ராத்திரி முழுக்க 3 கிலோவாட் மட்டும் தொங்கவிட்டால் பத்தில் ஒரு பங்கு லோடு. இவ்வளவு குறைந்த லோடில் நீண்ட நேரம் ஓடினால் சூடு போதாமல் டீசல் முழுசாக எரியாது, புகைக்குழாயில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வடியும், கரி படியும், விடிகாலையில் பந்தல் முழுக்க அந்த நாற்றம்தான். டீசலும் மிச்சமாகாது. இஞ்சின் தன்னைச் சுற்ற வைத்துக்கொள்ளவே ஒரு பங்கு குடித்துவிடும். 15 கேவிஏ செட் பாதி லோடில் மணிக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் குடிக்கும், ராத்திரி 12 மணி நேரத்துக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் மூன்று ராத்திரிக்கு டீசல் மட்டும் எட்டாயிரத்துக்கு மேலும் போகலாம். அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குப் பொங்கல் போடலாம் என்று உங்கள் பொருளாளர் கண்டிப்பாகக் கேட்பார்.

இனி முக்கியமான விஷயம். வருகிற செட் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று போனிலேயே கேளுங்கள். 15 கேவிஏ த்ரீ ஃபேஸ் என்றால் ஒரு ஃபேஸுக்கு 21 ஆம்பியர் அளவுக்குத்தான் கிடைக்கும், அதாவது அதே 0.8 கணக்கில் 4 கிலோவாட். வயர்மேன் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் மாட்டிவிட்டுப் போனால், மோட்டார் போடும்போதெல்லாம் லைட் மங்கும், பிரேக்கர் விழும், உடனே 'செட் பத்தலை, பெருசு எடுத்திருக்கணும்' என்று நாலு பேர் சொல்வார்கள். பத்தும், பிரிக்கத்தான் இல்லை. ஒரு ஃபேஸில் பந்தல் லைட், ஒன்றில் சார்ஜ் பலகையும் மைக்கும், ஒன்றில் மோட்டார் என்று பிரித்தால் போதும். உங்களுடையது எல்லாமே சிங்கிள் ஃபேஸ் சாமான் என்பதால் சிங்கிள் ஃபேஸ் செட்டே கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

த்ரீ ஃபேஸ் வந்தால், மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் வயரை ஒருமுறை நீங்களே நின்று பாருங்கள். மற்ற வயரில் லூஸ் இருந்தால் அந்த லைன் மட்டும் அணையும், நியூட்ரலில் லூஸ் இருந்தால் லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400 வரைக்கும் ஏறிவிடும். எங்களுக்கு ரெண்டு பந்தல் தள்ளி ஒரு இடத்தில் இப்படி நடந்தது, சார்ஜ் பலகையில் தொங்கிய அத்தனை சார்ஜரும் ஒரே நேரத்தில் போச்சு, வெளியூரிலிருந்து நடந்து வந்தவர்கள் வீட்டுக்குப் பேச வழியில்லாமல் நின்றார்கள். வயர் முனையில் லக்கு (உலோக வளையம்) போட்டு, நட்டை முடுக்கி மாட்டினால் வராத பிரச்சினை அது. ஜனவரி இரவில் பனி வேறு கொட்டும், டேப் சுற்றிய ஜாயின்ட் எல்லாம் விடிவதற்குள் நனைந்திருக்கும், ஜாயின்ட்டைத் தரையில் விடாமல் கட்டையில் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

எர்த்துக்கு ஒரு கம்பியை மண்ணில் சொருகிவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. காய்ந்த செம்மண்ணில் அது பேருக்குத்தான் எர்த். குழி தோண்டி, கம்பியை ஆழமாக அடித்து, உப்பும் கரியும் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலும் பாடியும் எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள், சேராவிட்டால், கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டுகிற ஆர்சிசிபி இருந்தும் பிரயோஜனமில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று சொந்தமாக வாங்கிப் பலகையில் மாட்டிக்கொள்ளுங்கள். வாடகைக்காரர் கொண்டுவரும் போர்டில் பெரும்பாலும் ஃபியூஸ் கட்டை மட்டும்தான் இருக்கும். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து சார்ஜரைப் பிடுங்குகிற கூட்டம் நம்முடையது.

செட்டை எங்கே நிறுத்துவது? தையில் வடக்கு, வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும், அதனால் பந்தலுக்குத் தெற்கே அல்லது தென்மேற்கே, இருபது முப்பது மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். சைலன்ட் செட்டுக்குச் சட்டப்படி ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல்தான் வரம்பு, ஆனால் வாடகை வண்டிகளில் கதவைத் திறந்து வைத்தே ஓட்டுவார்கள், சூடேறுகிறதாம், அப்புறம் என்ன சைலன்ட்! ரொம்பத் தள்ளி வைத்தால் வயரில் வோல்டேஜ் விழும்: 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரை 100 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால் 15 வோல்ட் போய்விடும். தூரம் கூடினால் தடிமனான கேபிள் கேளுங்கள்.

எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இல்லாத ஒன்று: யாத்ரீகர்கள் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்திலும் அடியிலும் படுத்துவிடுவார்கள். கதகதப்பாக இருக்கும், பனி விழாது, நாற்பது கிலோமீட்டர் நடந்து வந்தவர்களுக்கு இஞ்சின் சத்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையும் இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். சுற்றிலும் சவுக்குக் கட்டை நட்டு, நன்றாகத் தள்ளிக் கயிறு கட்டி, ஒரு லைட்டும் போட்டு வையுங்கள், ராத்திரி ஒருவர் சுற்றி வரட்டும். கேபிளில் துண்டு காயப் போடுவார்கள், அதையும் பார்க்க வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் வயர் கொண்டுபோவதைக் கூடுமான வரை தவிர்த்துவிடுங்கள். கொடி கட்டிய வண்டி, உயரமான காவடி, ஸ்பீக்கர் ஏற்றிய ரதம் என்று என்னென்னவோ அந்த வழியாகப் போகும்.

ஆப்பரேட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். என்னைக் கேட்டால் கேவிஏவை விட ஆப்பரேட்டர்தான் முக்கியம். செட்டை இறக்கிவிட்டு 'தம்பி, இந்த சுவிட்சை அமுக்கினா ஓடும்' என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளிடம் எடுக்காதீர்கள். ராத்திரி டீசல் தீர்ந்து நின்றால் லைனில் ஏர் லாக் பிடிக்கும், திரும்ப டீசல் ஊற்றினாலும் ஓடாது, ஏர் எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ஃபியூஸ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டா, மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நம் பையன்களில் ஒருவரை அவருக்குத் துணையாக விட்டு, லைன் கொடுப்பது நிறுத்துவது எல்லாம் அந்த ஒருவர் வழியாகவே நடக்கட்டும். ஆளாளுக்குப் பலகையைத் திறந்தால் எந்த செட்டும் தாங்காது.

வாடகை பேசும்போது நாளுக்கு எவ்வளவு என்பதோடு எத்தனை மணி நேரம் என்றும் கேட்க வேண்டும். சிலர் 8 மணி நேரத்தை ஒரு ஷிப்ட் என்பார்கள், சிலர் 12 என்பார்கள், அதற்கு மேல் ஓடினால் தனிக்காசு. செட் வந்ததும், ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரையும் டாங்கில் டீசல் அளவையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போதும் எடுங்கள். டீசல் நம்முடையதுதான் என்றால் நாமே வாங்கி ஊற்றுவது நல்லது. பல பெட்ரோல் பங்க்குகளில் பிளாஸ்டிக் கேனில் தர மாட்டார்கள், அதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மத்தியானம் கூட்டம் படுத்திருக்கும் நேரத்தில் செட்டை அணைத்து, ஆற விட்டு, ஆயில் பார்த்து அப்புறம் டீசல் ஊற்றச் சொல்லுங்கள். ஓடுகிற இஞ்சினில் ஊற்றுவதும், கேனை அடுப்புப் பக்கம் வைப்பதும் கூடவே கூடாது.

பக்கத்துப் பந்தல்காரர் வந்து 'ஒரு லைன் குடுங்க அண்ணே' என்பார். சாமி காரியம், கொடுத்துத்தான் ஆக வேண்டும். லோடு மிஞ்சினால் தானே விழுகிற எம்சிபி சுவிட்ச் ஒன்றைத் தனியாகப் போட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சப் மீட்டர் ஒன்றும் வைத்துக் கொடுங்கள், யூனிட் கணக்கில் டீசல் காசை வாங்கிக்கொள்ளலாம். லோடு கூடுவது இஞ்சினுக்கும் நல்லதுதான்.

ஒருவேளை பக்கத்தில் மின்கம்பம் இருந்தால் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்டுப் பாருங்கள், ரேட் கூடுதல்தான், இருந்தாலும் டீசலை விட மலிவாகவே முடியும். கொக்கி மட்டும் போடாதீர்கள். இரண்டும் இருந்தால் நடுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம், இல்லாவிட்டால் நம் ஜெனரேட்டர் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் நிற்கிற லைன்மேனைக் கொன்றுவிடும். மைக் ராத்திரி 10 முதல் காலை 6 வரை சட்டப்படியே கூடாது, அதை அணைத்தால் 500 வாட் மிச்சம், படுத்திருப்பவர்களும் வாழ்த்துவார்கள்.

கடைசியாக, சீக்கிரம் பேசுங்கள். தை மாதத்தில்தான் பொங்கல் விழா, ஜல்லிக்கட்டு, முகூர்த்தம் எல்லாம், மதுரை திண்டுக்கல் பக்கத்து செட் அத்தனையும் மார்கழிக்குள் புக் ஆகிவிடும். தை பிறந்த பிறகு கேட்டால் மிச்சம் இருப்பது யாரும் எடுக்காத அந்த 40 கேவிஏதான்.