சரிவில் தோட்டம், எதிரில் காற்று: கேள்வி பதில்

தென்மேற்குப் பருவமழை நெருங்கினாலே நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கோத்தகிரியிலிருந்து: மேற்கே ஆளுயரத்துக்குத் தகரம் அடித்திருக்கிறேன் சார். அப்படியும் பீன்ஸ் பந்தல் சாய்கிறது. தகரத்தை இன்னும் உயர்த்தலாமா?

வேண்டாம், இன்னும் மோசமாகும். தகரத்தில் மோதும் காற்று அங்கேயே நின்றுவிடாது. மேலே ஏறித் தாண்டி, மறுபக்கம் சுழன்று விழும். உங்கள் பந்தல் அந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறது. காற்றை நிறுத்தப் பார்க்காதீர்கள், சலித்து அனுப்புங்கள். ஏறக்குறைய பாதிக் காற்று ஊடே போகிற தடுப்புதான் நல்ல தடுப்பு. 50 சதவீத நிழல்வலை, இடைவெளி விட்டுக் கட்டிய மூங்கில் தட்டி, உயிர்வேலி எதுவானாலும் சரி. 2 மீட்டர் உயர வேலி சமதரையில் 6 முதல் 10 மீட்டர் தூரம் வரை நன்றாகக் காக்கும். 20 மீட்டருக்கு அப்பால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

சரிவில் இந்தக் கணக்கு மாறும். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய சேலைக் கிழிசலைக் குச்சிகளில் கட்டி நாலைந்து இடத்தில் நட்டுவைத்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மேட்டிலிருந்து கீழே இறங்கும் காற்றென்றால் மேல் ஓரத்தில் ஒரு வேலி பெரும்பாலும் போதும். பள்ளத்திலிருந்து ஏறி வரும் காற்றென்றால் வேலிக்குப் பின்னால் தரையும் உயர்ந்துகொண்டே போகும். மூன்றடிக்கு ஓரடி ஏறும் சரிவில், 6 மீட்டர் தள்ளியிருக்கும் பாத்தி அந்த 2 மீட்டர் வேலியின் தலைமட்டத்துக்கே வந்துவிடும். அங்கே கீழே ஒரு உயர வேலி வைப்பது வீண் செலவு. ஒவ்வொரு படிமட்டத்தின் ஓரத்திலும் இடுப்புயர வேலி வையுங்கள். வேலி பாத்தியோடு முடியாமல் இருபுறமும் கொஞ்சம் நீளட்டும், ஏனென்றால் முனைகளில்தான் காற்று வேகம் பிடிக்கும்.

ஊட்டியிலிருந்து: கீழ் ஓரத்தில் அடர்த்தியாக வேலி வளர்த்தேன். காற்று குறைந்தது, ஆனால் பனிக்காலத்தில் உருளைக்கிழங்குச் செடி கருகுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவில் தண்ணீர் போல வழிந்து இறங்கும். உங்கள் வேலி அதற்கு அணை கட்டிவிட்டது. வேலியின் அடிக்கிளைகளை முழங்கால் உயரம் வரை கழியுங்கள். மிகப் பள்ளமான மூலையில் ஒரு திறப்பும் விடுங்கள். ஜூனில் அதற்கு வலை கட்டி, நவம்பரில் அவிழ்த்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

குன்னூரிலிருந்து: நட்டு ஓராண்டான பிளம்ஸ் கன்று. குச்சி வைத்து இறுக்கிக் கட்டியும் வாடுகிறது ஐயா.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். காற்றில் ஆடி ஆடி, சுற்றிலும் புனல் வடிவில் விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கலாம். அதில் மழைநீர் தேங்கும், புது வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். குழியை மண்ணிட்டு மூடி, காலால் அழுத்திவிடுங்கள். பிறகு கட்டைப் பாருங்கள். நைலான் கயிறென்றால் பட்டையை அறுத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, இருபுறமும் இரண்டு குச்சி ஊன்றி, தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், பழைய சைக்கிள் ட்யூபால் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மேல்பகுதி ஆடட்டும். ஆடினால்தான் தண்டு பருக்கும், வேர் பிடிக்கும். அடுத்த ஆண்டு வேர் பிடித்ததும் குச்சியை எடுத்துவிடலாம். பலர் குச்சியை மறந்தே போகிறார்கள், மரமும் அதை நம்பியே வளர்ந்துவிடுகிறது.

தாண்டிக்குடியிலிருந்து: மலைவாழை இலையெல்லாம் கிழிந்து தொங்குகிறது. மரத்துக்குக் கெடுதலா?

கிழிவது பற்றிக் கவலை வேண்டாம். நார் நாராகக் கிழிந்தால் இலை காற்றைப் பிடிக்காது, மரம் தப்பும். பயம் குலை தள்ளிய பிறகுதான். குலை சாயும் பக்கம் இரண்டு கம்புகளைக் கத்தரிபோல் கோத்து முட்டுக் கொடுங்கள். காய்ந்த சருகை அறுத்தால் பாரம் குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலை வரை ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். அந்த மாதிரிக் காற்றுக்கு முட்டும் தாங்காது. முற்றிய குலையை முன்கூட்டியே வெட்டிவிடுவதே நல்லது.

கூடலூரிலிருந்து: மூடாக்குச் சருகு பறந்துவிடுகிறது.

சருகைப் போட்டு நனைத்து, மேலே கவாத்துச் செய்த கிளைகளைக் குறுக்கே பரப்புங்கள். சரிவுக்குக் குறுக்காக வெட்டிவேர் வரிசை இருந்தால் சருகும் மண்ணும் அதிலேயே தங்கும்.

மறுபடியும் குன்னூர்: வீட்டுக்கு மேலே பெரிய யூகலிப்டஸ் நிற்கிறது. தலையை வெட்டிவிடலாமா?

தலையை வெட்டினால் புதுக் கிளைகள் கொத்தாகக் கிளம்பும். அவை வெட்டிய இடத்தில் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, பிறகு காற்றில் அவைதான் முறியும். அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். காற்று வரும் பக்கம் மண் வெடித்திருக்கிறதா? அடியில் காளான் உண்டா? வீட்டுக்காக மண்ணை வெட்டிச் சமன் செய்தபோது ஒருபக்க வேர் அறுபட்டதா? இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். சொந்த நிலத்து மரமானாலும் மலைப்பகுதியில் வெட்ட 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் மழைக்கு முன்பே வனத்துறையில் விசாரித்து மனுக் கொடுங்கள்.

கோத்தகிரியிலிருந்தே இன்னொருவர்: உயிர்வேலிக்கு எது, எப்போது நடலாம்?

உங்கள் உயரத்துக்குத் தேயிலையையே கவாத்துச் செய்யாமல் விட்டு வளர்க்கலாம், விதையிலிருந்து வளர்ந்த செடியானால் ஆணிவேர் ஆழமாகப் போகும். சீகை மரம் (வாட்டில்) மட்டும் வேண்டாம், அது புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பெரிதாக வளரும் எதையும் கல்சுவரின் விளிம்பில் நடாதீர்கள், காற்றில் மரம் ஆட ஆடச் சுவர் கழன்று வரும். பருவக்காற்று அடங்கிய பின் புரட்டாசி, ஐப்பசியில் நடுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்கு மழையும் நன்றாகக் கிடைக்கும். அடுத்த ஆனிக்குள் வேர் ஊன்றிவிடும், அதுவரை நாற்றுக்கு முன்னால் ஒரு வலை கட்டி வையுங்கள்.