பக்கத்தில் கிராவல் குவாரி வந்தால் என் கிணறு என்ன ஆகும்?

கேள்வி: மீஞ்சூருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். 30 அடி கிணறு. வெண்டை போட்டிருக்கிறேன், அடி இலைகள் ஓரம் கருகுகின்றன. இதற்கு நடுவில் கூப்பிடு தூரத்தில் கிராவல் குவாரிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். கிணறு வற்றிவிடும் என்று ஊரே எதிர்க்கிறது. குவாரிக்காரர் "ஒண்ணும் ஆகாது, குழியில மழைத்தண்ணி நிக்கும், உங்களுக்குத்தான் லாபம்" என்கிறார். யாரை நம்புவது? வெண்டைக்கு என்ன போடுவது?

பதில்: அக்கா, வெண்டையை முதலில் முடித்துவிடலாம். இலை ஓரம் கருகுவது உப்புத்தண்ணீராலும் வரும், சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவாலும் வரும், இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கடைக்காரர் சொன்னார் என்று பொட்டாஷ் மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள். சாதாரண பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால் கருகல் கூடும். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, மண்ணோடு சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ரிசல்ட்டில் இசி, அதாவது தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்தும் அளவு (dS/m), 0.75க்குள் இருந்தால் தண்ணீர் மேல் பழியில்லை. 2.25ஐத் தாண்டினால் அடுத்த முறை வெண்டையை யோசித்துத்தான் போட வேண்டும்.

இப்போது குவாரி. எல்லாக் குழியும் கிணற்றைக் கெடுக்காது. தோண்டும் ஆழம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் பாதிப்பு குறைவு. அதைத் தாண்டி இறங்கினால்தான் வினை. பொக்லைன் வேலை செய்ய வேண்டும் என்று குழியில் ஊறும் தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைப்பார்கள், சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். குழியில் தண்ணீர் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் உங்கள் கிணற்றுக்கு வர வேண்டிய தண்ணீர், வெயிலில் திறந்து கிடந்து ஆவியாகப் போகிறது. வடிகட்டும் மண்ணையும் எடுத்தாகிவிட்டது. நம் பக்கம் காலிக் குழியைப் பார்த்தால் லாரியில் கொண்டுவந்து எதைக் கொட்டுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீஞ்சூர் பக்கம் இதைவிடப் பெரிய பயம் உப்பு. சென்னை நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் இறைத்து இறைத்து, 1960களின் கடைசியிலேயே இங்கே கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு சுமார் 40 அடி ஏறும். நிலத்தில் அது அப்படியே உடனே நடக்காது, வருஷக்கணக்கில் ஆகும், நடுவில் களிமண் இருந்தால் தடுக்கும். ஆனால் ஒருமுறை ஏறியது லேசில் இறங்காது.

சரி, எதிர்ப்பது எப்படி? சில வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு ஊர்க்காரர்களோடு நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். குவாரி தோண்டி இரண்டு கோடை முடிந்திருந்தது. அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "தோண்டுறதுக்கு முன்னாடி எத்தனை அடியில தண்ணி இருந்தது?" நாற்பது பேர் நின்றோம், ஒருவரிடமும் பதில் இல்லை. "நல்லா இருந்துச்சு சார்" என்றோம். அதை எந்த ஃபைலில் எழுதுவது?

அதனால் இப்போதே அளக்க ஆரம்பியுங்கள். கிணற்று விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி வையுங்கள். நைலான் கயிற்று முனையில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், வாரம் ஒரு முறை அதே குறியிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை இறக்குங்கள். தேதி, அளவு, மழை பெய்ததா இல்லையா, நோட்டில் எழுதுங்கள். ஆர்ஓ ரிப்பேர்காரரிடம் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி உப்பையும் குறியுங்கள், மீட்டரை மட்டும் மாற்றாதீர்கள். சுற்றிலும் ஐந்தாறு கிணறுகளில் இதையே செய்தால் பலம். அப்புறம் கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து உங்கள் கிணற்று விளிம்பும் குவாரி நிலமும் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பாருங்கள். அவர்கள் சுரங்கத் திட்டத்தில் காட்டிய ஆழம் உங்கள் தண்ணீருக்கு மேலா கீழா என்பது அதில்தான் தெரியும்.

கிராவல் போன்ற சிறு கனிமக் குவாரி 5 ஹெக்டேருக்குக் குறைவு என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், 2012ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த அளவுக்குள் தனிக் குவாரியாக இருந்தால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்காது. அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தை மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் தேடி எடுக்கலாம். ஆட்சேபத்தை நோட்டு நகலோடு ஆட்சியருக்கும், கனிமவளத் துறைக்கும், சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிராம சபைத் தீர்மானம் மட்டும் குவாரியை நிறுத்தாது, ஆனாலும் போடுங்கள், நகலைக் கையோடு வாங்குங்கள். மீறி சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தரலாம்.

நாளைக் காலை மோட்டார் போடுவதற்கு முன் முதல் அளவை எடுத்துவிடுங்கள் அக்கா. தண்ணீர்ப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் அனுப்புங்கள், வெண்டையை அப்போது பேசலாம்.